கூரை இருந்தால்தான் மன்னிப்பு

பெத்ரநேராவில் யாராவது வீடு கட்டினால், "அனுமதி வாங்கியாச்சா?" என்று ஒருவரும் கேட்பதில்லை. "கூரை போட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

அதற்குக் காரணம் இருக்கிறது. அனுமதி இல்லாத வீட்டைச் சட்டம் அவ்வப்போது மன்னிக்கும். ரோமில் அரசாங்கத்துக்குப் பணமுடை வரும்போதெல்லாம், இன்ன தேதிக்குள் கட்டி முடித்தவர்கள் இவ்வளவு அபராதம் கட்டினால் போதும், எல்லாம் சரி என்று ஓர் அறிவிப்பு வரும். ஆனால் கூரை இருக்க வேண்டும். நான்கு தூணும் துருப்பிடித்த கம்பியும் மட்டும் நின்றால் அது வீடாகாது. அதை மன்னிக்கவும் முடியாது. அதனால் இந்த ஊர்க்காரர்கள் சுவர் எழுப்பும் முன்பே கூரையைப் போட்டுவிடுவார்கள். கடலைப் பார்த்த சரிவு முழுக்கக் கால்கள் மட்டும் உள்ள மேசைகள் மாதிரி வீடுகள் நிற்கும். காசு வரவர ஒவ்வொரு சுவராக எழும்பும்.

அந்த ஊரில் அனுமதி கேட்டு மனுப் போட்டுவிட்டு உண்மையாகவே காத்திருந்தவள் லெத்தேரியா. ஊரில் அவளுக்கு "மனுக்காரி" என்று பெயர். ரொட்டிக்கடையில் வரிசையில் நின்றால், "மனுக்காரி வந்துட்டா, வழி விடுங்கப்பா, இல்லன்னா அதுக்கும் ஒரு மனு எழுதிடுவா" என்பார்கள். அவளும் சிரிப்பாள். ஆரம்ப வருஷங்களில் அது நிஜமான சிரிப்புதான்.

லெத்தேரியா பள்ளிக்கூடத்தில் ஆயா. தரை துடைப்பது, மணி அடிப்பது, வாந்தி எடுத்த குழந்தையைக் கழுவிவிடுவது, அழுகிற குழந்தையை மடியில் வைத்திருப்பது எல்லாம் அவள் வேலை. புருஷன் கொன்சொலாத்தோவுக்கு ஜலசந்தியைக் கடக்கிற படகில் கயிறு கட்டுகிற வேலை. ஒரே மகள் சாந்தினா. மூவரும் ரொட்டிக்கடைக்கு மேலே இரண்டு அறைகளில் வாடகைக்கு இருந்தார்கள். கீழே அடுப்பு எரிவதால் குளிர்காலத்தில் அந்த அறைகள் சொர்க்கம், கோடையில் நரகம். ஊருக்கு வெளியே, சரிவில், லெத்தேரியாவின் அப்பா விட்டுப்போன நிலம் ஒன்று இருந்தது. அதில் ஓரமெல்லாம் சப்பாத்திக்கள்ளியும் நடுவில் ஓர் அத்திமரமும் மட்டுந்தான்.

அந்த நிலத்தில் மகளுக்கு ஒரு வீடு. லெத்தேரியா தன் வாழ்க்கையில் வேறு எதையும் பெரிதாகக் கேட்டதில்லை. இந்தக் கரையில் பிள்ளைகள் படித்து முடித்ததும் ரயிலேறி வடக்கே போய்விடுவார்கள். வீடு இருக்கிற பிள்ளைகள் மட்டும் கொஞ்சம் யோசிப்பார்கள். சாந்தினா யோசிக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த வீடு.

பக்கத்து நிலம் மீகோவுடையது. அவன் மீன் வியாபாரி. மூன்று மாடி கட்டியிருந்தான், மூன்றும் அனுமதி இல்லாமல். சாந்தினாவுக்கு ஞானத்தந்தையும் அவன்தான் என்பதால் லெத்தேரியாவிடம் உரிமையோடு பேசுவான்.

"அக்கா, நான் கணக்குப் பார்த்துட்டேன். மாட்டினா அபராதம் ஆறு மாசச் சம்பாத்தியம். மாட்டலன்னா ஒண்ணுமில்ல. அனுமதி வாங்கப் போனா பன்னிரண்டு மாசச் சம்பாத்தியம், அது நிச்சயம். அதோட மூணு வருஷ அலைச்சல், தேய்ஞ்ச செருப்பு ரெண்டு ஜோடி. இப்போ சொல்லு, யாரு முட்டாள்?"

"நான்தான்டா. போய் மீனைக் கவனி, நாறுது."

"நாறினாலும் மூணு மாடியில இருந்து நாறுதுக்கா."

லெத்தேரியா சட்டத்துக்குக் கட்டுப்பட்டது அவள் ரொம்ப நல்லவள் என்பதால் இல்லை. இதை அவளே சொல்வாள். "நான் நல்லவன்னு யாரு சொன்னா? நான் சம்பளக்காரி." அதில் ஒரு கணக்கு இருந்தது, மீகோவின் கணக்கைப் போலவே சரியான கணக்கு. மீகோவுக்குச் சம்பளம் கிடையாது, ரசீது கிடையாது. வண்டி மச்சான் பேரில், வீடு மாமியார் பேரில். அரசாங்கம் அவனிடம் அபராதம் கேட்டால் அவன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவான், அதில் மீன் செதில்தான் இருக்கும். லெத்தேரியாவின் சம்பளத்தையோ அரசாங்கமே கொடுக்கிறது. கொடுப்பதற்கு முன்பே ஐந்தில் ஒரு பங்கை அறுத்துக்கொள்ளலாம். யாரும் அவள் வீட்டுக் கதவைத் தட்டக்கூட வேண்டியதில்லை. இழக்க ஏதாவது இருக்கிறவனைத்தான் சட்டம் பயமுறுத்த முடியும். பெத்ரநேராவில் அப்படி மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் கொஞ்சம்பேர்தான்.

சாந்தினாவுக்குப் பதினைந்து வயதானபோது ஒரு மன்னிப்பு வந்தது. ஊரே சர்வேயர் ஆர்க்குதியின் வாசலில் நின்றது. வரைபடம் போடுவது, மனு எழுதுவது, நகராட்சியில் கொடுப்பது எல்லாம் அவர்தான். லெத்தேரியாவும் போய் நின்றாள்.

"லெத்தேரியாம்மா, நீங்க எதுக்கு வந்தீங்க?"

"எனக்கும் அந்த மன்னிப்பு வேணும் சார். நான்தான் எல்லாருக்கும் முன்னாடி மனுப் போட்டவ."

ஆர்க்குதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மன்னிக்கணும்னா முதல்ல ஒரு தப்பு வேணும்மா. நீங்க ஒண்ணுமே பண்ணலையே. உங்களை எதுக்கு மன்னிக்கறது?"

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மீகோ அதிகமாகச் சிரித்தான். அந்த வருஷம் அவன் அபராதம் கட்டி, மூன்று மாடிக்கும் பத்திரம் வாங்கி, அந்தப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் எடுத்து, ஒரு பெரிய குளிர்பெட்டி வாங்கினான். பிறகு மாடியில் இன்னும் நான்கு தூண்களுக்குக் கம்பி விட்டான், அடுத்த மன்னிப்புக்கு.

லெத்தேரியாவின் மனு நகர்ந்துகொண்டே இருந்தது, ஆனால் எங்கும் போய்ச் சேரவில்லை. மண் சரியுமா சரியாதா என்று ஓர் அலுவலகம் சொல்ல வேண்டும். கடற்கரை கெடுமா கெடாதா என்று நகரத்தில் உள்ள இன்னொரு அலுவலகம் சொல்ல வேண்டும். மண்ணைப் பற்றிச் சொன்ன காகிதத்துக்கு ஒரு காலக்கெடு உண்டு. கடற்கரைக் காகிதம் வருவதற்குள் அது காலாவதியாகும். அதைப் புதுப்பிப்பதற்குள் கடற்கரைக் காகிதம் காலாவதியாகும். ஒவ்வொரு முறையும் கட்டணம். கொன்சொலாத்தோ ஒருநாள் சொன்னான்: "லெத்தே, நாம கட்டின காசுக்கு அந்த ஆபீஸ்ல ஒரு அறை நம்ம பேர்ல இருக்கணும். சாந்தினாவை அங்கேயே குடிவெச்சிடலாம்."

லிரா போய் யூரோ வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தபோது சாந்தினாவுக்கு நிச்சயமானது. பையன் பெயர் தெமெத்ரியோ, மின்சார வேலை தெரிந்தவன், அமைதியானவன். அவனுக்கு வடக்கே தொரீனோவில் ஒரு சித்தப்பா. அவருடைய பட்டறையில் வேலை காத்திருந்தது. அவன் மறைக்காமல் சொன்னான்: "அத்தை, எனக்கு இங்கயே இருக்கத்தான் ஆசை. ஆனா இங்க வேலையும் அரைகுறை, அதுல பாதி வாடகைக்குப் போச்சுன்னா நாங்க எப்படிப் பொழைக்கறது? வீடு இருந்தா சமாளிச்சிடுவேன். அடுத்த வருஷ ஈஸ்டர் வரைக்கும் பார்க்கறேன்."

லெத்தேரியா அந்த மாதமே நகராட்சிக்குப் போய் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. நிலத்தை வந்து பாருங்கள், பார்த்துவிட்டு எழுதுங்கள், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று கெஞ்சினாள். கடைசியில் ஜூன் மாதத்தில் நகராட்சிப் பொறியாளர் ஸ்கோர்தோ ஓர் உதவியாளோடு வந்தார். அவள் காலையிலேயே போய்க் களை பிடுங்கி, நிழலில் நாற்காலி போட்டு, முதல் அத்திப்பழங்களைத் தட்டில் வைத்து, ஃபிளாஸ்க்கில் காப்பி கொண்டுவந்திருந்தாள்.

"இதுல முன்னாடி ஏதாவது கட்டடம் இருந்துச்சா?" என்று கேட்டார் ஸ்கோர்தோ.

"ஒண்ணுமில்ல சார். ஒரு செங்கல்கூட வெச்சதில்ல. நல்லாப் பாருங்க." அவள் குரலில் பெருமை இருந்தது. சரிவு முழுக்க அந்த ஒரு நிலத்துக்காரி மட்டுமே அப்படிச் சொல்ல முடியும்.

ஸ்கோர்தோ நடந்து பார்த்தார், 'காலி நிலம்' என்று தேதியோடு எழுதினார், கையெழுத்துப் போட்டார். போகும்போது அத்திப்பழத்தைப் பாராட்டி, ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டார்.

செப்டம்பரில் புதிய மன்னிப்பு வரப்போகிறது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். போன மார்ச் மாதக் கடைசிக்குள் கூரை போட்டவர்களுக்கு மட்டும். அந்த மார்ச் எப்போதோ போய்விட்டது. ஆனால் அதைக் கேட்ட அன்றே பெத்ரநேராவில் சிமென்ட் தீர்ந்துபோனது. கூரை எந்த மாதம் போட்டது என்று யாருக்குத் தெரியும்? வீட்டுக்காரன் மார்ச்சில் போட்டேன் என்று எழுதிக் கொடுப்பான். சர்வேயர் ஆமாம் என்பார். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நகராட்சி. நகராட்சியில் இருக்கிறவனுக்கும் எங்கோ ஒரு கூரை காய்ந்துகொண்டிருக்கும்.

மீகோ மாலையில் வந்தான், கையில் வாள்மீன் துண்டோடு. "அக்கா, இந்தத் தடவையும் வரிசையில சும்மா நின்னு சிரிப்பு வாங்கப் போறியா?"

"எனக்குச் சம்பளம் இருக்குடா."

"சம்பளம் இருக்கு, சரி. மக இருக்க மாட்டாளே."

அவன் போன பிறகு அந்த மீனை யாரும் சமைக்கவில்லை. சாந்தினா மேசையைத் துடைத்துக்கொண்டே, "அம்மா, எனக்காக நீ எதுவும் பண்ண வேண்டாம், நாங்க போயிட்டு கோடைக்கு வர்றோம்" என்றாள். கோடைக்கு வருகிறவர்களை லெத்தேரியாவுக்குத் தெரியும். முதல் வருஷம் ஒரு மாதம் இருப்பார்கள், பிறகு பதினைந்து நாள், பிறகு சாவுக்கு வருவார்கள். மறுநாள் பள்ளி முடிந்ததும் ஆர்க்குதியிடம் போனாள்.

"சார், என் மனு எப்போ முடியும்? உண்மையைச் சொல்லுங்க."

"கடற்கரைக் காகிதம் மறுபடியும் காலாவதி. இன்னும் ரெண்டு வருஷம். நல்லவங்க கையில சிக்கினா."

"அப்போ இந்த மன்னிப்பு? ஜூன்ல வந்து காலி நிலம்னு எழுதிட்டுப் போனாங்களே?"

ஆர்க்குதி கதவைச் சாத்தினார். "அந்த ஃபைல் அனுமதிப் பிரிவுல இருக்கு. மன்னிப்பு ஃபைல் வேற பிரிவு, வேற மாடி. இருபது வருஷமா பார்க்கறேன் லெத்தேரியாம்மா, அந்த மாடிக்காரன் இந்த மாடிக்கு வந்ததே இல்ல. காப்பி மெஷின் ரெண்டு மாடியிலயும் இருக்கு."

அவள் யோசித்தாள். பத்து வருஷக் கட்டணம், இரண்டு ஜோடி செருப்பு, வரிசையில் கேட்ட சிரிப்பு எல்லாம் ஒரு பக்கம். ஈஸ்டர் மறு பக்கம். பயம் எப்போதும் இருந்த இடத்தில்தான் இருந்தது, ஆனால் இப்போது அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்துவிட்டது. மனிதர்கள் சட்டத்தை மீறுவது பெரும்பாலும் இப்படித்தான் என்று நினைக்கிறேன். துணிச்சல் வந்து மீறுவதில்லை.

நவம்பரில் கூரை போட்டார்கள். மார்ச்சிலேயே போட்டதாக ஆர்க்குதி மன்னிப்பு மனுவில் எழுதினார். சேமிப்பு முழுவதும், கொன்சொலாத்தோவின் அண்ணனிடம் வாங்கிய கடன் முழுவதும் அந்தக் கூரைக்குள் போனது. தளம் போட்ட அன்று வழக்கப்படி ஆலிவ் கிளை ஒன்றைக் கம்பியில் கட்டினார்கள். வேலையாட்களுக்கு அடுப்பில் வேகவைத்த பாஸ்தாவும் ஆட்டிறைச்சியும் வைனும். மீகோ நான்கு டம்ளருக்குப் பிறகு ஈர சிமென்ட் ஓரத்தில் நின்று கத்தினான்: "ஊர்க்காரங்களே! மனுக்காரி திருந்திட்டா!" எல்லோரும் கை தட்டினார்கள். லெத்தேரியாவும் சிரித்தாள், வெட்கமும் சந்தோஷமுமாக. அன்றைக்குத்தான் ஊர் அவளைத் தன்னில் ஒருத்தியாகச் சேர்த்துக்கொண்டது. கீழே, சுவரில்லாத தூண்களுக்கு நடுவே, சாந்தினா தெமெத்ரியோவுக்குக் கையால் காட்டிக்கொண்டிருந்தாள்: இங்கே அடுப்படி, இங்கே ஜன்னல், கடல் தெரிகிற மாதிரி.

பிப்ரவரியில் இடிப்பு உத்தரவு வந்தது.

லெத்தேரியா ஆயா உடுப்போடு அப்படியே நகராட்சிக்கு ஓடினாள். ஸ்கோர்தோ அவளை உட்காரச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை அவர். அதுதான் அவளுக்குப் பின்னாளில் அதிகம் கசந்தது.

"நகரத்துல புதுசா ஒரு அரசு வழக்கறிஞர் வந்திருக்கார் லெத்தேரியாம்மா. ஒவ்வொரு ஊரும் இந்த வருஷம் ஒரு வீட்டையாவது இடிச்சுக் காட்டணும், இல்லன்னா மேயர் மேல வழக்குன்னு எழுதியிருக்கார். ஒண்ணு இடிச்சே ஆகணும்."

"இந்தச் சரிவுல நாற்பது இருக்கே சார். என்னுது கடைசியா வந்தது. சுவர்கூட இல்ல."

"அதனாலதான்." அவர் விரல் விட்டு எண்ணவில்லை, ஆனால் எல்லாம் வரிசையாகவே சொன்னார். "மீகோவோட புது மாடியை எடுத்துக்குங்க. மாமியார் அங்க கட்டில் போட்டுப் படுத்திருக்காங்க. நாங்க போனா டிவிக்காரன் வருவான், வக்கீல் வருவான், ஏழு வருஷம் இழுக்கும். அவங்க வீட்ல பதினோரு ஓட்டு. அதுவும் அது மார்ச்சுக்கு முன்னாடி இல்லன்னு எங்களால நிரூபிக்க முடியாது. இதுவரைக்கும் யாரும் அங்க போய்ப் பார்த்ததில்ல. யாரும் எங்களைக் கூப்பிட்டதில்ல."

லெத்தேரியாவுக்கு மெல்ல விளங்கியது. "நான் கூப்பிட்டேன்."

"ஜூன்ல நானே வந்து கையெழுத்துப் போட்டிருக்கேன். அது ஒண்ணுதான் எங்ககிட்ட நிக்கிற வழக்கு."

"வேற மாடின்னு சொன்னாரே ஆர்க்குதி..."

"வழக்கமா வேற மாடிதான். எங்க வேலைன்னா நாங்க இறங்க மாட்டோம். மேயருக்கு ஆபத்துன்னதும் இறங்கித் தேடினோம்." பிறகு குரலைத் தாழ்த்தி, அவளுக்குப் புரிய வேண்டுமே என்ற அக்கறையில்தான் சொன்னார்: "இன்னொண்ணும் இருக்கு. இடிக்கிற செலவை வீட்டுக்காரங்க தரணும். மத்தவங்ககிட்ட நாங்க வாங்கவே முடியாது. உங்களுக்குச் சம்பளம் வருது. உங்க வீட்டை இடிச்சாதான் எங்களுக்குச் செலவு திரும்பி வரும்."

மீகோ கணக்குப் போட்டான், லெத்தேரியா கணக்குப் போட்டாள், சட்டத்தைக் காக்கிறவர்களும் கணக்குப் போடுவார்கள் என்பதை மட்டும் அவள் யோசித்ததே இல்லை. குறைந்த செலவு, குறைந்த சத்தம், நிச்சயமான வரவு. மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தன.

மார்ச்சில் பொக்லைன் வந்தது. சரிவில் இருந்த அத்தனை அனுமதியில்லாத பால்கனிகளிலும் ஆட்கள் நின்று பார்த்தார்கள். உள்ளூர் தொலைக்காட்சிக்கு மேயர் பேட்டி கொடுத்தார்: இந்த ஊரில் சட்டம் எல்லோருக்கும் ஒன்று. கேமராவுக்குப் பின்னால், படத்துக்குள் விழாதபடி, அவருடைய மைத்துனனின் அனுமதியில்லாத ஹோட்டல் நின்றது. இயந்திரம் முதலில் கூரையைத்தான் குத்தியது. மீகோ கீழே ஓடிவந்து ஓட்டுநரைப் பார்த்து, "நிறுத்துடா, நீ எங்க குடியிருக்கேன்னு எனக்குத் தெரியும்டா, உன் வீட்டுக்கு அனுமதி இருக்கா?" என்று கத்தினான். ஓட்டுநர் தலையை ஆட்டி, "இல்ல" என்றான். "ஆனா கூரை இருக்கு" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தான்.

கொன்சொலாத்தோ அன்று படகிலேயே இருந்தான். இறங்கி வரவில்லை. லெத்தேரியா மட்டும் நின்றாள். மீகோ அவள் தோளைத் தொட வந்தபோது விலகிக்கொண்டாள். "போடா. உன் மாமியாருக்குப் போர்வை போர்த்து. குளிருது."

ஊர் இதிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொண்டது. அரசு வழக்கறிஞர் நினைத்த பாடம் இல்லை. கட்டுவதை ஒருவரும் நிறுத்தவில்லை. அனுமதிப் பிரிவில் அப்போது இன்னும் மூன்று மனுக்கள் இருந்தன. இரண்டு ஆசிரியர்களுடையது, ஒரு தபால்காரருடையது. அந்த வாரமே மூவரும் போய்த் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

ஈஸ்டர் முடிந்த வாரம் சாந்தினாவும் தெமெத்ரியோவும் ரயிலேறினார்கள். தேவாலயத்தில் சின்னதாகக் கல்யாணம் முடிந்திருந்தது. பிளாட்பாரத்தில் லெத்தேரியா, மகளுக்குக் கொடுத்தனுப்பும் எண்ணெய் டப்பாவின் மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தாள். அடுத்த மாதத்திலிருந்து அவள் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு பிடிக்கப்பட்டது. எட்டு வருஷம் பிடிப்பார்கள்.

மே மாதம் சாந்தினா தொரீனோவிலிருந்து ஃபோன் பண்ணினாள். வீடு கிடைத்துவிட்டதாம். ஒரு அறை, ஐந்தாம் மாடி, மின்தூக்கி உண்டு. ஆனால் வீட்டுக்காரன் இரண்டு வாடகை சொல்கிறானாம். ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணினால் நானூற்று ஐம்பது. பதிவு இல்லாமல், கையில் காசாகக் கொடுத்தால் முந்நூற்று ஐம்பது.

"நான் பதிவு பண்ணிடலாம்னு பார்க்கறேன்மா. கொஞ்சம் அதிகந்தான். ஆனா முறையா இருக்கும்."

"பதிவு பண்ணாதே."

"என்னம்மா?"

"உன் பேர் எதுக்கு அவங்ககிட்ட? காசைக் கையில கொடு. எழுதிக் கேட்டா எழுதாதே."

"அம்மா, நீயா பேசற? பள்ளிக்கூடத்துல இருந்து ஒரு சாக்பீஸ் துண்டு எடுத்துட்டு வந்ததுக்கு என்னைத் திரும்ப நடக்கவெச்சவ நீ."

"நடக்கவெச்சேன். என் பேர் அவங்ககிட்ட இருந்துச்சு, அதான் வந்தாங்க. மீகோ பேர் இல்ல, வரல. இதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது."

கீழே ரொட்டிக்கடையில் யாரோ தட்டுகளை அடுக்குகிற சத்தம் கேட்டது.

"சரிம்மா. ஆனா பதிவு இல்லன்னா, நாளைக்கே காலி பண்ணுன்னு அவன் சொன்னா நாங்க யார்கிட்டப் போறது?"

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள் லெத்தேரியா.

"சாப்பிட்டேன்."

"அவன்?"

"அவனும்."

"சரி, ஃபோனுக்குக் காசு ஆகுது, வை."

வைத்த பிறகுதான், மகள் கேட்ட கேள்விக்குத் தான் பதில் சொல்லவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. திரும்பக் கூப்பிடலாம். கூப்பிடவில்லை.